காருக்கு வைத்த திருஷ்டிப் பொட்டு

இன்று காலை ஆ லெக் காருக்கு அடிக்கிற சாயம் இரண்டு டின் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தார். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. மூடியை நெம்பிக் காட்டிவிட்டு, “எது வேணும் சொல்லு லா அக்கா. மத்தது வேற ஆளுக்குக் குடுத்துர்றேன்” என்றார். ஜப்பான்காரன் போய்ச் சில மாதங்கள்தான் ஆகின்றன. அரிசியே இன்னும் ஒழுங்காகக் கிடைக்காத பிரிக்ஃபீல்ட்ஸில் இந்த மனிதர் சாயம் எங்கே பிடித்தாரோ, நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லமாட்டார். பக்கத்துச் சந்தில் இந்தச் சீனர் கார்ப் பட்டறை திறந்த நாளிலிருந்து அவர் அப்படித்தான், உங்களுக்குத் தெரியாததா. நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, இரண்டு டின்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். கார் விஷயத்தில் உங்களைக் கேட்காமல் நான் எதையும் செய்ததில்லை. கேட்டுவிட்டுச் சண்டை போடுவேன், அது வேறு.

ஊரே அரிசிக்கும் உப்புக்கும் அலைந்துகொண்டிருந்தபோது நீங்கள் கார் வாங்கினீர்கள். நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது, கூடவே சிரிப்பும் வருகிறது. கிள்ளானில் நீங்கள் கார் ஓட்டிய எஸ்டேட் துரை, சண்டை நெருங்கியதும் கப்பலேறிவிட்டார். உங்களுக்கு வேலை போயிற்று. அதே எஸ்டேட்டில் கணக்கெழுதிய கிராணி, பெட்ரோல் கிடைக்காத காலத்தில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தன் பழைய சின்னக் காரைத் தள்ளிவிடப் பார்த்தார். அதை வாங்க இந்த மலாயாவில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் என் புருஷனாக இருந்தார்.

கிள்ளானிலிருந்து பெருமையாக ஓட்டிக்கொண்டு கிளம்பினீர்கள். சுங்கை வே பக்கம் வந்ததும் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. மாட்டு வண்டியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு நம் தெருவுக்குள் நுழைந்தீர்கள். முன்னால் இரண்டு மாடு, பின்னால் கார், உள்ளே ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நீங்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன். தெருவே வேடிக்கை பார்த்தது. நீங்கள் இறங்கி, ஒன்றுமே நடக்காதது போலச் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, எனக்காகப் பின் கதவைத் திறந்து பிடித்தீர்கள்.

“இத்தன வருசமா துரைக்குத் தொறந்து விட்டேன். இனிமே ஒனக்குத்தான்.”

“நான் பின்னாடியெல்லாம் உக்கார மாட்டேன்” என்றேன் நான். “முன்னாடி, ஒங்க பக்கத்துலதான்.”

திட்டு வாங்கப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு வந்தவர் நீங்கள். அந்த ஒரு வார்த்தையில் உங்கள் முகம் மலர்ந்ததே, அதற்குப் பிறகு நான் எங்கே திட்டுவது.

சண்டை முடிந்ததும் அந்தக் காரை டாக்சியாக்கி, கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் சொந்தமாக ஓட்டுவது என்பதுதான் உங்கள் கனவு. யாரிடமும் கைகட்டி நிற்காத ஒரு பிழைப்பு. அதற்குமுன் காரை அழகாக்க வேண்டும். கறுப்புச் சாயம் வெளுத்துப்போயிருந்தது. சீட்டுத் துணி கிழிந்திருந்தது. சாயந்தரம் மரவள்ளிக் கிழங்கைத் தின்றுவிட்டு, கார் நிற்கும் கொட்டகைக்குப் போய்விடுவோம். குழந்தையைப் பின் சீட்டில் கிடத்திவிட்டு, எதை முதலில் செய்வது என்று பேச ஆரம்பிப்போம். கையில் ஒரு சொட்டுச் சாயம் கிடையாது, ஒரு முழம் துணி கிடையாது. ஆனால் பேச்சுக்கு என்ன பஞ்சம்? அடுப்புக் கரியை எடுத்துக் கொட்டகைப் பலகையில் நீங்கள் கார் வரைவீர்கள். பின் கண்ணாடிக்குக் குஞ்சம் வைத்த திரை. சீட்டுக்கு என் நீலச் சேலையில் உறை. விளக்குக்கு மட்டும் எதுவும் வேண்டாம் என்பீர்கள். “வண்டிக்கு மொகமே வெளக்குதான். அத நல்லா தொடச்சு வச்சாலே போதும்.”

நிறத்தில்தான் தகராறு. எனக்குப் பச்சை, இளம் வாழையிலைப் பச்சை. உங்களுக்குச் சிவப்பு. தூரத்தில் வரும்போதே டாக்சி என்று ஆள் கைகாட்ட வேண்டுமாம். ஒரு வாரம் இப்படியே போனது. பிறகு ஒருநாள் சமாதானத்துக்கு வந்தீர்கள்.

“மேல பச்ச, கீழ செவப்பு. ஆளுக்குப் பாதி.”

“காரா, கிளியா?” என்றேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது.

அப்படிப் பேசிப் பேசியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. வயிறு காய்ந்த நாட்களிலும் அந்தக் கொட்டகையில் நாம் பணக்காரர்களாகத்தான் இருந்தோம். பிறகு அந்தச் செய்தி வந்தது. ராணுவம் வீடுவீடாக வந்து நல்ல வண்டிகளை எடுத்துக்கொண்டு போகிறதாம். நம் தெருமுனை வைத்தியரின் கார் போய்விட்டது. ஆ லெக் ஓடிவந்து, “அண்ணே, ஜப்பான் பாத்தா ஒங்க கெரெத்தா போச்சு லா” என்றார். நீங்கள் அன்று சாப்பிடவில்லை. கொட்டகையில் காரின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றீர்கள். அந்தக் கார் போனால் டாக்சி போகும், சொந்தப் பிழைப்பு போகும். மறுபடி எவனுக்கோ கதவைத் திறந்துவிடப் போக வேண்டும்.

நான் அப்போது பாப்பாவுக்குக் கன்னத்தில் மை வைத்துக்கொண்டிருந்தேன். யார் கண்ணும் பட்டுவிடக்கூடாது என்று அழகான பிள்ளையின் முகத்தைக் கொஞ்சம் கெடுத்துவைப்போமே, அந்தப் பொட்டு. விரல் அப்படியே நின்றுவிட்டது.

“என்னங்க, காருக்கும் திருஷ்டிப் பொட்டு வச்சிருவோம்.”

“காருக்கு எங்கடி கன்னம்?”

“உடம்பு முழுக்கக் கன்னம்தான். பாக்குறவன் மூக்கப் பிடிச்சிக்கிட்டு ஓடணும்.”

இப்படித்தான் நம் காருக்கு முதல் அலங்காரம் நடந்தது. எத்தனை மாதம் யோசித்த காரியம், கடைசியில் அழகாக்குவதற்குப் பதில் அசிங்கமாக்கினோம். ஆ லெக் டயர்களைக் கழற்றி விறகு அடுக்குக்குப் பின்னால் ஒளித்தார். கார் நான்கு கட்டைகளின்மேல் நின்றது. சேற்றையும் சாம்பலையும் ரப்பர் பாலில் குழைத்து நான் பூசினேன். காய்ந்தபோது அது சொறி பிடித்த தோலாக உரிந்தது. பின் சீட்டில் கோழிகளை அடைத்தோம். ஒரு கதவில் நீளமாகக் கீறல் போட வேண்டும் என்று ஆ லெக் சொன்னபோது, உங்களுக்கு மனசு வரவில்லை. அரிவாளை வாங்கி நான்தான் கீறினேன். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். பாப்பாவுக்கு அம்மைப்பால் குத்தியபோதும் நீங்கள் அப்படித்தான் திரும்பிக்கொண்டீர்கள்.

எல்லாம் முடிந்து எட்ட நின்று பார்த்தோம். இவ்வளவு கேவலமான ஒரு கார் இந்தப் பூமியில் இருக்காது. “வேல சுத்தம் லா” என்று ஆ லெக் மெச்சினார். எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆயுத பூஜை வந்தது.

வருஷம் பூராவும் சோறு போடுகிற சாமானை அன்று ஒருநாளாவது கும்பிடாமல் விட நம் ஆட்களால் முடியுமா? மத்தியானம் கொட்டகைக்குப் போனேன். கோழிகளை வெளியே விரட்டிவிட்டு, முன் விளக்குகள் இரண்டையும் நீங்கள் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். மற்ற இடமெல்லாம் சொறி, விளக்கு மட்டும் பளபளவென்று. சந்தனம் கிடைக்காமல் மஞ்சளைக் குழைத்து வைத்திருந்தீர்கள். குங்குமம் என் சிமிழிலிருந்து எடுத்தது. ஸ்டீயரிங்கில் செம்பருத்திச் சரம். கட்டைகளுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வேறு.

“டயரே இல்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழம் எதுக்குங்க?”

“அது பாட்டுக்கு இருக்கட்டும் புள்ள. நாம பண்ண அநியாயத்துக்கு அது கோவிச்சுக்கப் போவுது.”

நானும் சிரித்துக்கொண்டு, ஒளித்துவைத்திருந்த கடைசிக் கற்பூரத்தைக் கொண்டுவந்து ஏற்றினேன். பாப்பா கைகூப்பினாள். அந்த வெளிச்சத்தில் உங்கள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இப்போதும் தெரியும். இவ்வளவு அழகான மனிதரையா கட்டியிருக்கிறோம் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் கண் பட்டுவிடும் என்றா, அல்லது உங்களுக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்றா, தெரியவில்லை.

மறுநாள் காலை அவர்கள் வந்தார்கள். பூ இன்னும் வாடவில்லை.

ஓர் அதிகாரி, இரண்டு சிப்பாய்கள், மொழிபெயர்க்க நம் தமிழாள் ஒருவர். அதிகாரி காரைச் சுற்றி வந்தார். கீறலைப் பார்த்தார். கோழி எச்சத்தைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். தப்பித்தோம் என்று நினைத்தேன். பிறகு விளக்கின் முன்னால் நின்றார். குங்குமத்தை விரலால் தொட்டார். குனிந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து மோந்தார். ஏதோ சொல்லிச் சிரித்தார், சிப்பாய்களும் சிரித்தார்கள்.

மொழிபெயர்ப்பவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “கார் வேணாமாம் அண்ணே. இந்தக் குப்பைக்குப் பூ வச்சுக் கும்பிடுறவன் நல்ல டிரைவராத்தான் இருப்பான்னு சொல்றாரு. லோரி ஓட்ட ஆள் வேணுமாம். நீங்க கூட வரணும்.”

நீங்கள் சட்டை மாட்டிக்கொள்ள உள்ளே வந்தபோது நான் பின்னாலேயே வந்தேன். பாப்பாவை முகர்ந்தீர்கள். லோரியில் ஏறிய பிறகு திரும்பிப் பார்த்து, கடைக்குப் போகிற மனிதருக்கு மறந்துபோன ஒன்று நினைவு வந்தாற்போலச் சொன்னீர்கள்.

“பச்சையே அடிச்சிரு.”

அதுதான் நான் கேட்ட கடைசி வார்த்தை. பிறகு ரயில் பாதை வேலைக்கு லோரி ஓட்டச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று மட்டும் தெரிந்தது.

போன மாதம் ஓர் ஆள் நம் தெருவில் வீடுவீடாக விசாரித்துக்கொண்டு திரிந்திருக்கிறார். “மேல பச்ச, கீழ செவப்பா ஒரு காரு நிக்குமே, அந்த வீடு எது?” அப்படி ஒரு கார் பிரிக்ஃபீல்ட்ஸிலேயே கிடையாது என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். ஆ லெக் காதில் விழுந்ததும் அவர்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். சயாமில் உங்களோடு லோரி ஓட்டியவர். எலும்பும் தோலுமாக இருந்தார். கொட்டகையில் நின்ற காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி காரைப் பார்த்தார்.

“அண்ணன் சொன்னது இதத்தானா அக்கா? பின்னாடி குஞ்சம் வச்ச தெர, நீல சீட்டு, எல்லாம் இருக்குன்னாரே. காய்ச்சல்ல கெடக்கும்போதுகூட எங்கள வரிசையா உக்காத்தி வச்சு, பேச்சுலயே கிள்ளான் வரைக்கும் ஓட்டிக்கிட்டுப் போனாரே.”

முன் சீட்டில் யாரையும் உட்காரவிடவில்லையாம். அது வீட்டுக்காரி இடம் என்றீர்களாம்.

அந்தக் காய்ச்சலிலேயே நீங்கள் போய்விட்டீர்கள் என்பதை அவர் அதற்குப் பிறகுதான் சொன்னார். அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஆனால் அழுகைக்கு நடுவிலேயே எனக்கு ஒன்று உறைத்தது. என்னிடம் பச்சையை விட்டுக்கொடுத்துவிட்டு, அங்கே போய் உங்கள் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கெட்டிக்காரர்தான் நீங்கள்.

எழுதிக்கொண்டே வந்ததில் பதில் எனக்கே தெரிந்துவிட்டது. நாளை ஆ லெக்கிடம் இரண்டு டின்னும் எனக்குத்தான் என்று சொல்லிவிடுவேன். மேலே பச்சை, கீழே சிவப்பு. ஊர் கிளி என்று சொல்லட்டும். டயர்கள் விறகுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கின்றன. ஓட்டக் கற்றுத்தருகிறேன் என்று ஆ லெக் சொல்கிறார். முன்பக்கத்து இடது மட்கார்டில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய கறுப்பை அப்படியே விட்டுவிடச் சொல்வேன். எதற்கு என்று அவர் கேட்கமாட்டார்.

அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள், உங்கள் படத்துக்குக் குங்குமம் வைத்து மாலை போடச் சொல்லி. கல்யாணத்தன்று ஸ்டூடியோவில் உங்களைத் தனியாக நிறுத்தி எடுத்த படம். இதுவரை எனக்குக் கை வரவில்லை. காருக்குப் பொட்டு வைத்தோம், பிள்ளைக்கு வைத்தோம், உங்களுக்கு வைக்க வேண்டும் என்று மட்டும் நம் இரண்டு பேருக்கும் தோன்றவில்லையே என்று அதன் முன்னால் நின்றுவிட்டு வந்துவிடுவேன்.

சற்றுமுன் பாப்பாவைக் கூப்பிட்டு, தலைவாரி, கன்னத்தில் மை வைத்தேன். விரலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. எழுந்துபோய், படத்தின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, உங்கள் இடது கன்னத்தில் வைத்தேன். கொஞ்சம் பெரிதாகவே வைத்தேன்.