ஒன்பது நாள் மாத்திரையும் உன் பதினேழு பக்கமும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் நீ அங்கே சுகமாக இருப்பாய். இங்கேயும் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் பேசினால் மீட்டிங் என்கிறாய், அதனால் கடிதம், இதைப் பாதியில் வைத்துவிட்டு ஓட முடியாது பார்.

என் பேரக்குழந்தை குண்டுமணியின் ரிப்போர்ட் வந்த அன்று உன் அண்ணன், "அவகிட்ட கேளும்மா, பத்து வருஷமா இதைத்தானே படிக்கிறா" என்றான். கேட்டோம். நீ அனுப்பியது பதினேழு பக்கம் இங்கிலீஷ். அகராதியை வைத்துக்கொண்டு நான்கு நாள் மல்லுக்கட்டினேன். எட்டாவதோடு நின்றவள்தான், ஆனாலும் புரிந்ததைச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்து. மூளை வளரும்போது ஒவ்வொரு செல்லும் நீளமாகக் கை நீட்டி அடுத்ததைப் பிடிக்க வேண்டும். கை வளரத் தேவையான சரக்கு செல்லின் நடுவிலே தயாராகி, சின்னச் சின்னப் பைகளில் கட்டி வைத்திருக்கிறது. அதை விரல் நுனிவரை தூக்கிப்போக உள்ளேயே பாதையும் ஆட்களும் உண்டு. நம் குழந்தைக்குத் தூக்குகிற ஆள் சரியில்லை. அடுக்களையில் சமைத்தது எல்லாம் அப்படியே இருக்க, மாடியில் இருப்பவர்கள் பட்டினி. இவ்வளவுதானே? இதைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை.

என் தப்பையும் மறைக்கவில்லை. பால், கேஸ், கரண்ட் எல்லாவற்றுக்கும் நோட்டுப் போடுகிறவள் நான். உன் அண்ணி உண்டாகியிருந்தபோதும் ஒன்று போட்டேன், என்ன சாப்பிட்டாள், எத்தனை முறை வாந்தி, எந்தெந்த நாள் சத்து மாத்திரை மறந்தாள் என்று. மாசமாக இருந்தபோது ஏதாவது நடந்ததா என்று டாக்டரம்மா கேட்டதும் பெருமையாக எடுத்து நீட்டினேன். அவர் இரண்டு பக்கம் புரட்டி, "இது எதுக்கும்மா, இது ஜீன்ல வந்தது" என்று திருப்பிக் கொடுத்தார். கை நீட்டி வாங்கிக்கொண்டது உன் அண்ணி. மாத்திரை தவறிய ஒன்பது நாளையும் சிவப்பு மையில் சுழித்து வைத்திருந்தேன், பாவி.

அன்றிலிருந்து அவள் குழந்தையைத் தூக்குவதில்லை. "நான் செஞ்சது போதும் அத்தை, நீங்களே பாத்துக்குங்க" என்கிறாள். தினமும் மூன்று வேளை மடியில் வைத்துக் கழுத்துக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். பெற்றவள் குரல் கேட்டால்தான் அது தலையைத் தூக்கப் பார்க்கும், என் மடியில் துவண்டு கிடக்கிறது. அவள் கதவோரம் நின்று பார்த்துவிட்டுத் துணி மடிக்கப் போகிறாள், மடித்ததையே உதறி மறுபடி மடிக்கிறாள்.

போன ஞாயிறு உன்னிடம் ஒரே கேள்வி கேட்டேன், மாத்திரையால் ஆனதா இல்லையா என்று. "அப்படி உறுதியா எதுவும் சொல்ல முடியாதும்மா" என்றாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், பக்கத்தில் அவள். போனை வைத்துவிட்டுச் சாமி முன்னால் உட்கார்ந்து உன்னைத் திட்டித் தீர்த்தேன், அவரும் எத்தனை நாள்தான் கேட்பார். ரிப்போர்ட்டிலேயே போட்டிருக்கிறது, அந்த ஜீன் மாற்றம் கரு உண்டானபோதே இருந்தது என்று, அவள் முதல் மாத்திரை வாங்குவதற்கு முன்பே! நான் சொன்னால் அவள் மனதில் ஏற மாட்டேன் என்கிறது, சிவப்பு மையில் சுழித்தவள் நான்தானே. உன் அண்ணன் சொன்னால் சமாதானத்துக்குச் சொல்கிறான் என்கிறாள்.

ஆகையால் எனக்குப் பதில் போடாதே, அவளுக்கு எழுது. தமிழில், உன் கையால், ஒரு பக்கம் போதும். "இருக்கலாம்", "வாய்ப்புண்டு" என்று ஒரு வார்த்தை அதில் வரக் கூடாது. கையெழுத்துக்குக் கீழே நீ வாங்கிய பட்டத்தை முழுதாகப் போடு, இந்த ஒரு முறையாவது அது இந்த வீட்டுக்கு உதவட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே. திட்டினாலும் தினமும் கும்பிடும்போது முதலில் உன் பெயரைத்தான் சொல்கிறேன், கடவுள் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும். உறைமேல் மறக்காமல் அண்ணி பெயரை எழுது, என் பெயர் இருந்தால் நான் பிரித்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன்மேல் இன்னும் கோபமாக இருக்கிற
அம்மா