சாயக் குண்டானில் உன் முகம்

அடியே,

இன்று காலை சாயக் குண்டானில் வெந்நீர் வைத்தேன். உங்கள் வீட்டில் பட்டுக்குப் போட்ட அரக்குச் சாயம் அதன் விளிம்பில் இன்னும் இருக்கிறது. ஆவி முகத்தில் அடித்ததும், "கைய உட்டுப் பாக்காதடீ, வெந்துடும்" என்று நீ எதிரே நின்று கத்துவதுபோல் இருந்தது. உள்ளே போட வேண்டியதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அது உன் முகம்.

நம் கடையில் வாடகைக்குப் போகும் வேஷ முகமூடி எல்லாமே உன் முகம்தானே. பிளாஸ்டிக் ஷீட்டை வெந்நீரில் போடுவோம். வெள்ளை மாறிக் கண்ணாடிபோல் ஆனதும் எடுத்து, சூடு தணிந்ததும் முகத்தில் வைத்து அழுத்துவோம். ஆறி இறுகும்வரை அசையக்கூடாது. முதல் நாள் என் முகத்தில்தான் போட்டாய். நான் சிரித்துத் தொலைத்தேன். ராவணனுக்கு வாய் காதுவரை போய்விட்டது.

"உன்ன வெச்சிக்கினு ஒரு சாமியும் செய்ய முடியாதுடீ" என்று நீயே படுத்துக்கொண்டாய். அன்றிலிருந்து அழுத்துகிறவள் நான், அசையாதவள் நீ. காளி, நரசிம்மர், கரடி எல்லாம் நீதான்.

"ஊர்ல பாதி புள்ளைங்க உன் சப்ப மூக்க மாட்டிக்கினு திரியுது" என்பேன். நீ ஷீட்டுக்கு அடியிலிருந்து முறைப்பாய்.

பிறகு உன் தொண்டையில் கட்டி வந்தது. கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்; நம் பேச்சில் கரண்ட் வைப்பது. முதல் நாள் நான் வெளியே பெஞ்சில் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன், நீ சிரித்துக்கொண்டே வருகிறாய்.

"இன்னாடீ, ஆஸ்பத்திரிக்குப் போனியா, கல்யாணத்துக்குப் போனியா?"

"நம்ம ஷீட்டுடீ! ஓட்ட ஓட்டயா இருக்குது, அவ்ளோதான். தல ஆடாம இருக்கணுமாம், வெந்நீர்ல போட்டு மூஞ்சில அழுத்தறாங்க. அசையாம இருப்பீங்களாம்மான்னு கேட்டாரு. பத்து வருஷமா எனக்கு அதாம்பா வேலைன்னேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம். நீ சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி. பிறகு குரல் போய்விட்டது.

கரண்ட் முடிந்ததும் அந்த முகமூடியைக் கேட்டு வாங்கி வந்தாய். கடைச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். கடைசியாகக் கடைக்கு வந்த அன்று அதைக் காட்டி, காற்றாகச் சொன்னாய்: "நான் போனா இத மாட்டிவெச்சிக்கினு அழாத. வெந்நீர்ல போட்டு எதனா செய்."

"இந்த மூக்குக்கு அனுமார்தான் வரும்" என்றேன்.

கையை நீட்டினாய். சத்தியம் அடித்துக் கொடுத்தேன்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. மூன்று தடவை வெந்நீர் வைத்து மூன்று தடவையும் கொட்டிவிட்டேன். நேற்று தாமலிலிருந்து ஒரு அம்மா, ஸ்கூல் விழாவுக்கு அனுமார் வேண்டும் என்று வந்தாள். கடையில் இருந்த அனுமார் எல்லாம் வெளியே போயிருந்தது. ஷீட்டும் இல்லை. சுவரைப் பார்த்தேன். "நாளைக்கு சாயங்காலம் வாம்மா" என்று சொல்லிவிட்டேன்.

தண்ணீரில் முதலில் உன் நெற்றி தெளிந்தது. பிறகு கன்னம். அந்தச் சப்பை மூக்குதான் கடைசிவரை பிடிவாதமாக நின்றது. அதுவும் போனதும் குண்டானில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது.

அசையாமல் படுக்க நீ இல்லை. நானே பாயில் படுத்து, என் முகத்தில் போட்டு அழுத்திக்கொண்டேன். கொஞ்ச நேரம்தான் தாங்கினேன். எடுத்துப் பார்த்தால் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. மறுபடி வெந்நீரில் போட்டால் நிமிர்ந்துவிடும், தெரியும். உன்னை இரண்டாம் தடவை கரைக்க என்னால் ஆகவில்லை. அப்படியே துணி ஒட்டிச் சிவப்படித்தேன்.

சாயங்காலம் அந்த அம்மா வந்து திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, அனுமாரு வாயி இப்டி இழுத்துக்கினு இருக்குது?"

"மூஞ்சில போடறப்போ சிரிச்சிட்டேம்மா."

அவளும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். நான் சிரிக்கவில்லையடீ.