தருமபுரம் வரைக்கும் ஒரு நடை

நம் வண்டியின் டேங்க் வந்துவிட்டது. பெயிண்டர் அதைப் பழைய வேட்டியில் சுற்றி, ஆட்டோவில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கூடத்தில் உங்கள் நாற்காலியில் வைக்கச் சொன்னேன். நான்கு நாளாகியும் வீட்டில் பெயிண்ட் வாசனை போகவில்லை. ஜன்னலைத் திறந்தால் போய்விடும்தான். திறக்க மனம் வரவில்லை.

கறுப்பு நிறம், இரண்டு பக்கமும் பொன்னிறக் கோடு. ஸ்டிக்கர் இல்லை, கையால் இழுத்த கோடு. இடது பக்கம் வளைவில் மட்டும் ஒரு மயிரிழை தடித்திருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் பார்த்த உடனே கண்டுபிடித்திருப்பீர்கள். ஆனால் பெயிண்டர் மனம் நோகக் கூடாது என்று அவர் தெருமுனை தாண்டிய பிறகுதான் என்னிடம் சொல்லியிருப்பீர்கள். இந்தக் கோட்டுக்காகத்தான் நான் உங்களைக் காக்க வைத்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் அதைச் சொல்லத் தைரியம் வருவதற்காக எழுதுவது.

தருமபுரத்தில் அந்தச் சொல்தா வீட்டுக் கொட்டகையில் வண்டியை முதலில் பார்த்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் பெரியவர் அவர். தென்னை மட்டைகளை ஒவ்வொன்றாக விலக்கி அந்தப் பழைய புல்லட்டைக் காட்டினார். உப்புக் காற்று மட்கார்டைச் சல்லடையாக்கியிருந்தது. சீட்டுக்குள் எலி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நாள் முழுக்க லாரிகளுக்கு எடை போட்டுவிட்டு, காலரெல்லாம் நிலக்கரித் தூளோடு வரும் மனிதருக்கு வீட்டிலும் இரும்புதான் வேண்டுமா என்று காதோடு கேட்டேன். நீங்கள் காதில் வாங்கவில்லை. ஓட வைத்து ஒருநாள் இதே வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறேன், சத்தம் கேளுங்கள் என்று பெரியவருக்கு வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

கோவில்பத்தில் நம் வீட்டு போர்ட்டிகோ அன்றோடு போயிற்று. என் எவர்சில்வர் தாம்பாளம் மண்ணெண்ணெய்த் தட்டானது. சண்டை போட்டுப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கழற்றிய நட்டுகளையெல்லாம் நீங்கள் ஒரே டப்பாவில் கொட்டியதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. ஆபீசில் இத்தனை வருஷம் ஃபைல் கட்டியவள் நான். பழைய கவர்களை எடுத்துவந்து ஒவ்வொரு உருப்படியையும் தனித்தனியாகப் போட்டு, எது எங்கே இருந்தது என்று மேலே எழுதி வைத்தேன். அப்படித்தான் நான் உள்ளே விழுந்தேன். பிறகு பல் துலக்கும் பிரஷ்ஷால் ஸ்போக்குகளைத் தேய்ப்பவளும் நானானேன்.

ஆனாலும் ஒத்துப்போனோம் என்று சொல்ல முடியாது. பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகிற மாதிரி செய்யலாம் என்றேன், அகலமான சீட்டு போடலாம் என்றேன். ஒன்றுக்கும் நீங்கள் இசையவில்லை. பெரியவர் வண்டியோடு நிற்கும் பழைய படத்தை செல்போனில் பிடித்து வைத்திருந்தீர்கள். அதைப் பெரிதாக்கி டேங்கின் கோட்டைக் காட்டுவீர்கள். "இந்தக் கோடு இல்லன்னா இது வேற யாரோ வண்டி" என்பீர்கள். கேட்டுக் கேட்டு எனக்கும் அந்தக் கோடு பிடித்துப்போயிற்று. வந்த வினை அதுதான்.

உங்கள் வலது காலில் ஆணி குத்தியதை நீங்கள் என்னிடம் மறைத்திருக்கக் கூடாது. சர்க்கரை இருக்கிற உடம்பு. தெரியவந்தபோது விரல்கள் கறுத்திருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து பாதிப் பாதத்தோடு திரும்பி வந்தீர்கள். முதல் ஒரு வாரம் போர்ட்டிகோ பக்கம் நீங்கள் திரும்பவே இல்லை. இந்தப் பழைய வண்டியில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. இப்போதைய வண்டிகளுக்கு நேர் எதிர். நான் மெக்கானிக்கைக் கூட்டிவந்து கியரை இடது பக்கம் மாற்ற முடியுமா என்று கேட்டேன். முடியும், நிறையப் பேர் மாற்றுகிறார்கள் என்றார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நீங்கள்தான் நாற்காலியிலிருந்தபடியே, அப்போது பிரேக் எந்தக் காலுக்கு வரும் என்று அவரைக் கேட்டீர்கள். மெக்கானிக் தலையைச் சொறிந்தார். நான் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அவர் போன பிறகு சொன்னீர்கள்: "வண்டிய மாத்த வேணாம். ஓட்டுற ஆள மாத்திக்குவோம்."

வேறு யார் ஓட்டுவார்கள் என்று கேட்டேன். நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கியரே இல்லாத ஸ்கூட்டரில் ஆபீஸ் போய்வருகிறவள் நான், என்ன விளையாட்டு என்றேன். "அதான் நல்லது. மத்தவங்களுக்கு இடது கால் பழக்கம் மறக்கணும். உனக்கு மறக்க ஒண்ணும் இல்ல" என்றீர்கள்.

டேங்க் அப்போது தனியாகக் கிடந்தது, பெயிண்டுக்கு முன்னால் அடிக்கும் சாம்பல் நிற பிரைமரோடு. அதில்லாமலே இஞ்சினை ஓட்டிப் பார்க்கலாம் என்று குளுக்கோஸ் பாட்டில் ஒன்றில் பெட்ரோல் ஊற்றி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்த அதே பாட்டில். "எனக்கு ஏத்துனது போதும், இனிமே இதுக்கு ஏத்துவோம்" என்று சிரித்தீர்கள். கிக்கரை மெல்ல அழுத்தி, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை பொறுத்திருந்து, அப்புறம் மிதிக்கச் சொன்னீர்கள். பலம் வேண்டாம், முள் நடுவில் நிற்கட்டும் என்று எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள். எனக்குப் பொறுமை கிடையாது. முள் ஆடும்போதே மிதிப்பேன், கிக்கர் திருப்பி அடிக்கும். கெண்டைக்கால் கன்றிப்போய் ஒரு மாதம் நொண்டினேன். வீட்டில் இரண்டு நொண்டி என்று நீங்கள் போனில் உங்கள் தம்பியிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

பிறகு சாயங்காலம் தோறும் நாம் ஊர் சுற்றினோம். வண்டி சென்டர் ஸ்டாண்டில், பின் சக்கரம் தரையைத் தொடாமல் சுற்றிக்கொண்டிருக்கும். நான் மேலே, நீங்கள் நாற்காலியில். "வாஞ்சூர் செக்போஸ்ட் வந்துருச்சு, நிலக்கரி லாரி எதுக்க வருது, கிளட்ச்சப் புடி, கியரக் குறை" என்பீர்கள். ஒரு கியர் மேலே, மூன்று கீழே. திருநள்ளாறு போனோம், நாகூர் போனோம். ஓரடிகூட நகராமல் அவ்வளவு தூரம் போயிருக்கிறோம்.

எதையும் மாற்ற விடாத நீங்கள் ஒன்றை மட்டும் மாற்றச் சொன்னீர்கள். பின்னால் உட்காருகிறவர் வலது கால் வைக்கும் கம்பியில் உங்கள் பாதிப் பாதம் நிற்காது. அதற்கு விளிம்பு வைத்த தட்டையான தகடு ஒன்று வேண்டும் என்றீர்கள். லேத்துப் பட்டறையில் நானே நின்று செய்து வாங்கி வந்தேன். மாட்டியதும், நீங்கள் சுவரைப் பிடித்து ஏறி உட்கார்ந்து, காலை அதன் மேல் வைத்துப் பார்த்தீர்கள். சரியாகப் பொருந்தியது. என் தோளில் உங்கள் கை இருந்தது.

அன்றுதான் கேட்டீர்கள். "பிரைமரோடவே டேங்க மாட்டு. தருமபுரம் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வந்துருவோம்."

நான் மாட்டேன் என்றேன். இவ்வளவு பாடுபட்டுவிட்டுச் சாம்பல் டேங்கோடு போய் நின்றால் நன்றாகவா இருக்கும், கோடு போட்ட பிறகு போகலாம் என்றேன். நீங்கள் சொல்லிக்கொடுத்ததையே உங்களுக்குத் திருப்பிச் சொன்னேன். கையால் கோடு இழுக்கும் பெயிண்டர் கோயில் வாகனங்களுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார். மாங்கனித் திருவிழா முடியட்டும்மா என்றார். முடியட்டும் என்று நானும் சொல்லி டேங்கைக் கொடுத்துவிட்டேன். "சரி, உன் இஷ்டம்" என்றீர்கள். அந்த மூன்று வார்த்தையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இப்போது கொஞ்சம் சுலபமாக இருக்கும். இல்லை.

மாங்கனி முடிந்த நாலாம் நாள் காலை, காபி டம்ளரைக் கையில் வாங்கியவர் குடிக்காமலே சாய்ந்துவிட்டீர்கள். ஒரு கோட்டுக்காக ஒரு மனிதரின் ஆசையைத் தள்ளிப்போட்டேன். யார் என்ன ஆறுதல் சொன்னாலும் என் மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. நீங்கள்தானே கற்றுக்கொடுத்தீர்கள் என்று உங்கள் மேலும் சில நாள் கோபம் வருகிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்று உங்கள் தம்பி வந்து டேங்கை மாட்டிக் கொடுத்தார். முதலில் தானே ஓட்டிப் பார்த்துத் தருவதாக எடுத்துப் போனார். தெருமுனையில் கியர் என்று நினைத்து இடது காலை அழுத்தியிருக்கிறார். வண்டி அப்படியே நின்று அணைந்தது. மறுபடி கிளப்பினார், மறுபடி அதே. கடைசியில் தள்ளிக்கொண்டு வந்து, "என்ன அண்ணி, எல்லாமே தலகீழா இருக்கு" என்றார். எனக்கு அது ஒன்றுதான் நேராகத் தெரிந்தது.

இன்று காலை நான் எடுத்தேன். முள் நடுவுக்கு வரும்வரை பொறுத்திருந்தேன். முதல் மிதியிலேயே பிடித்துக்கொண்டது.

தருமபுரத்தில் சத்தம் கேட்டுப் பெரியவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். உங்களைப் பற்றி அவர் கேட்கவில்லை, கேள்விப்பட்டிருப்பார். டேங்க் மேல் உள்ளங்கையை வைத்தார். நான் சாவியைத் திருப்பப் போனபோது, "நிறுத்தாதம்மா, கொஞ்சம் ஓடட்டும்" என்றார். ஓடிக்கொண்டே இருந்தது. நீங்கள் கொடுத்த வாக்கு தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது, ஆனால் கோட்டோடு சேர்ந்தது.

திரும்பும்போது சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். அவர் பின்னால் மனைவி உட்கார்ந்திருந்தார். "அக்கா, பின்னாடி கால் வைக்கிற தகடு விரிஞ்சே இருக்கு. மடக்கி விட்டுருங்க, இடிச்சிடப் போவுது" என்றார்.

"தெரியும் தம்பி. இருக்கட்டும்" என்றேன்.

பச்சை விழுந்தது. வலது காலால் முதல் கியரை மேலே தூக்கிப் போட்டேன்.