இருவர் சேர்ந்து ஒருவர்

என் இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றவளுக்கு,

ஹாங்காங்கில் மூவரும் கப்பலேறிவிட்டோம். நாளை கலிபோர்னியாவின் தங்கமலைக்குப் புறப்படுகிறோம். நீ கட்டித் தந்த உப்பு மீனில் பாதியைப் பிள்ளைகள் இப்போதே தின்றுவிட்டார்கள்.

காலையில் கப்பலைச் சோதிக்கும் வெள்ளைக்காரத் துரை வந்து தலை எண்ணினார். சட்டம் விட்ட அளவுக்கு மேல் ஒரு ஆள். கடைசியாக ஏறிய என்னை இறங்கச் சொன்னார்.

"பசங்களுக்குப் பதிமூணு வயசுதாங்க. தனியா எப்படிப் போவாங்க?" என்றேன்.

மொழிபெயர்த்துச் சொல்லும் லாவ் என்னை முறைத்தான். "எப்பப் பொறந்தானுங்க?"

"புத்தாண்டுக்கு நாலு நாள் முன்னாடி."

"அட மடையா, பொறந்ததும் ஒண்ணு, புத்தாண்டு வந்ததால அஞ்சாம் நாளே ரெண்டுன்னு நம்மூர்க் கணக்கையா இங்க சொல்லுவ? துரை கணக்குல பதினொண்ணுதான். பன்னெண்டு நிறையாத ரெண்டு பேரு அவருக்கு ஒரு ஆளு."

லாவ் அதைச் சொன்னதும் துரை ஏட்டில் ஒரு பெயரை அடித்து, பிள்ளைகள் இருவரையும் ஒரு ஆளாகத் திருத்தினார். நான் இறங்கவில்லை.

ஒருவனையாவது விட்டுப் போ என்று வாசலில் நீ கேட்டது என் காதில் விழாமல் இல்லை. துரைக்குத்தான் அவர்கள் ஒரு ஆள். புத்தாண்டு விருந்தில் தூரம் போனவர்களுக்கென்று வைக்கும் கிண்ணத்தை நீ அவர்களுக்கு இரண்டாக வை. கோபம் ஆறியிருந்தால், எனக்கும் ஒன்று.

அவர்களின் அப்பன்