கோல்கீப்பர் கண்ணை மூடுவதில்லை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் முதுகு மட்டும் சுகமில்லை, அது எப்படி என்று பின்னால் சொல்கிறேன். உன் சுகத்தை நான் விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் காலையிலும் மாலையிலும் டிவியில் உன்னைக் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருக்கிறது, கன்னம் ஒட்டிவிட்டது. நீ கடவுளிடம் பேசுகிறாயா நடிக்கிறாயா என்று அலசுகிற அத்தனை பேரில் ஒருத்தருக்காவது இந்தப் பையன் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று கேட்கத் தோன்றவில்லை பார். நான் சொல்லச் சொல்ல உன் தங்கைதான் எழுதுகிறாள். நம் வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள் ஆயிற்றே, நான் கொச்சையாகச் சொல்வதை எல்லாம் இஸ்திரி போட்டுத்தான் காகிதத்தில் வைக்கிறாள். அதனால் இதில் நாகரிகமாக ஏதாவது இருந்தால் அது அவளுடையது, திட்டு மட்டும் என்னுடையது. போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் போனை எடுத்தாலே மாடி வீட்டு அக்காவுக்குப் படிக்கட்டைப் பெருக்க வேண்டியிருக்கிறது. நீ சரியாகத் தூங்குவதில்லை என்று அன்றைக்கு நான் சொன்னது மறுநாளே 'குடும்பத்துக்கு நெருக்கமான வட்டாரம் தெரிவித்தது' என்று செய்தியில் வந்துவிட்டது. அந்த நெருக்கமான வட்டாரம் நம் வீட்டு ஏணியை வாங்கிக்கொண்டு போய் இன்னும் திருப்பித் தரவில்லை.

மூன்றாவது பெனால்டியும் கோல்கீப்பர் கைக்குப் போன நாளிலிருந்து இங்கே நாங்கள் படுகிற பாட்டைக் கேள். பந்தை வைத்துவிட்டு நீ நான்கு அடி பின்னால் வந்து, தலையைக் குனிந்து, கண்ணை மூடி, உதடு அசைய வேண்டிக்கொண்டு நிற்பாயே, அதை முன்பு எவ்வளவு அழகு என்றார்கள். கோல் விழுந்துகொண்டிருந்த வரைக்கும் நீ 'பக்தி வீரன்'. இப்போது அதே வாய்கள் 'சாமியார்' என்கின்றன. ஒரு பத்திரிகை 'மேலிடம் கைவிரித்தது' என்று முதல் பக்கத்தில் போட்டது. தினமும் ஒரு விவாதம். உனக்கு நம்பிக்கை போதவில்லை, அதனால்தான் பந்து போகவில்லை என்று ஒரு பெரியவர் சொல்கிறார். நேரத்தை வீணாக்குவதற்கு அபராதம் போட வேண்டும் என்று இன்னொருவர் குதிக்கிறார். பழைய ஆட்டக்காரர் ஒருவர், கோல்கீப்பரும் கடவுளின் பிள்ளைதானே, கடவுள் யார் பக்கம் நிற்பார் என்று கேட்டுவிட்டுப் பெரிய கேள்வி கேட்டவர் மாதிரி தண்ணீர் குடித்தார். உதட்டசைவைப் படிக்கிற நிபுணர் என்று ஒருவரைக் கூட்டி வந்து, உன் வாயைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, மெதுவாக ஓட்டி, திரும்ப ஓட்டி, கடைசியில் நீ ஏதோ சொல்கிறாய் என்று கண்டுபிடித்தார்கள். அது எனக்கும்தான் தெரிகிறது. அப்பாவின் பஸ்ஸிலும் இதே பேச்சுதான். முன் சீட்டில் இருந்த ஒருவர், ஓட்டுகிறவர் யார் என்று தெரியாமல், "அவங்கப்பன் சின்ன வயசுலயே நாலு சாத்து சாத்தியிருந்தா இந்த வேஷமெல்லாம் வந்திருக்குமா?" என்றாராம். அப்பா கண்ணாடியில் அவரைப் பார்த்து, "சாத்திப் பாத்தேங்க, வேலைக்கு ஆகல" என்று சொல்லிவிட்டு, அவர் இறங்க வேண்டிய நிறுத்தத்தையும் தாண்டி வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்கு ஒரு புகார் வந்திருக்கிறது, நீ கவலைப்படாதே, அவருக்கு அது பழக்கம்தான்.

பிறகுதான் டிவியிலிருந்து அந்த மைக் பெண்ணும் கேமராக்காரனும் வீட்டுக்கு வந்தார்கள். "அவர் பிரார்த்தனை பண்ற ரூமைக் காட்டுங்கம்மா" என்று கேட்டாள். நம் வீட்டில் இருப்பது ஒரு அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை. அதில் தாழ்ப்பாள் இருக்கிற கதவு ஒன்றே ஒன்று. நீ அங்கே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் வேண்டிக்கொள்வாய் என்று உள்ளதைச் சொன்னேன். முதலில் அவள் முகம் தொங்கிப்போயிற்று, அப்புறம் பல்பு போட்ட மாதிரி பிரகாசமாகிவிட்டது. அந்தக் கேமராக்காரன் கதவு மூடுகிறதைப் படம் பிடிக்கிறேன் என்று திறந்து மூடி, திறந்து மூடி, கடைசியில் தாழ்ப்பாள் கழன்று அவன் கையோடு வந்துவிட்டது. அதைச் சோப்பு டப்பாவில் வைத்துவிட்டு "சாரிம்மா" என்றான். உன் தங்கை அவர்களைக் கண்டதும் திரைச்சீலைக்குப் பின்னால் போனவள்தான், வரவே இல்லை. அதையும் விடாமல் படம் பிடித்து 'வாய் திறக்க அஞ்சும் தங்கை' என்று போட்டார்கள். இவள் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சொல்லவே வாய் திறக்காதவள், இதில் இவர்களுக்குப் பயந்துதானா? மறுநாள் தலைப்பு என்ன என்று உனக்கே தெரியும். கக்கூஸில் பிறந்த பக்தி. எழுத மாட்டேன் என்கிறாள், நான்தான் எழுது என்கிறேன். கடவுள் பக்தி உள்ளவர்கள் வாசல் கேட்டுக்கு வெளியே நின்று, நாங்கள் கடவுளை அவமதித்துவிட்டோம் என்று கத்தினார்கள், இல்லாதவர்கள் சிரித்தார்கள். நீயும் போன் பண்ணி "ஏம்மா அதைப் போய்ச் சொன்ன?" என்று கேட்டாய். கேட்டதில் தப்பில்லை. ஆனால் அதற்கப்புறம் நீ சொன்னதுதான் எனக்கு நெஞ்சில் நின்றுவிட்டது. மைதானத்தில் இனிமேல் வேண்டிக்கொள்ள மாட்டேன் என்று கிளப்பில் ஒரு அறிக்கை தயாரித்திருக்கிறார்கள், இறுதிப் போட்டிக்கு முன்னால் பத்திரிகைக்காரர்கள் எதிரில் அதைப் படிக்கப் போகிறேன், பெனால்டி வந்தால் வேறு யாரையாவது அடிக்கச் சொல்லிவிடுவேன் என்றாய். அதுகூடப் பரவாயில்லை. போனை வைக்கிறதுக்கு முன்னால் சின்னப் பிள்ளை மாதிரி, "அவருக்கு என்னைப் பிடிக்காமப் போயிடுச்சு போலம்மா" என்றாயே. அந்த ஒரு பேச்சுக்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்று சொல்கிறேன். அந்த மைக் பெண் கிளம்பும்போது, மைக்கை அணைத்துவிட்டேன் என்று சத்தியம் பண்ணி, "உங்க பையன் அப்படி என்னதாம்மா வேண்டிக்கறாரு?" என்று காதோடு கேட்டாள். ஊரெல்லாம் சிவப்பு வட்டம் போட்டுத் தேடுகிற அந்தப் பதில் எனக்குத் தெரியும். குளியலறைக் கதவு என்ன இரும்பா? பள்ளிக்கூட அணியில் ஆடிய காலத்தில் ஒவ்வொரு மேட்சுக்கு முன்னாலும் நீ வாந்தி எடுப்பாய், நான் துண்டோடு வாசலில் நிற்பேன். ஒருநாள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாய், முணுமுணுவென்று சத்தம் கேட்டது, வாந்திச் சத்தம் வரவில்லை. வெளியில் அப்பா, "டேய், கடவுளுக்கு வேற வேலையே இல்லையா, எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு, அவரை அனுப்பிட்டு வெளிய வாடா" என்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். அப்பா கத்தின கத்தலுக்கு நடுவிலும் நீ சொன்னது எனக்குக் கேட்டது. "வயித்தை மட்டும் நீ பாத்துக்கோ, மத்ததை நான் பாத்துக்கறேன்." கோல் கேட்கவில்லை, ஜெயிக்கக் கேட்கவில்லை. கடவுளுக்கே வேலையைப் பிரித்துக் கொடுத்த திமிர் பிடித்த பையன் நீ. இதை நான் அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தால் அத்தனை விவாதமும் அன்றைக்கே முடிந்திருக்கும். நான், "தெரியலையேம்மா, டீ குடிக்கறியா?" என்று கேட்டேன். குளியலறை எங்கள் எல்லோருக்கும் பொது, அதைச் சொன்னேன். நீ உள்ளே பேசினது பொது இல்லை.

எனக்குக் கடவுளைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிறவள். வேண்டிக்கொண்டவர்களும் குணமாகி வீட்டுக்குப் போகிறார்கள், வேண்டிக்கொள்ளாதவர்களும் போகிறார்கள், இரண்டு பேர் போர்வையும் ஒரே இயந்திரத்தில்தான் சுற்றுகிறது. அவர் இருக்கிறாரா, உன் பெனால்டியைப் பார்க்க அவருக்கு நேரம் இருக்கிறதா என்பதெல்லாம் டிவியில் இருக்கிறவர்கள் பேசிக்கொள்ளட்டும். எனக்குத் தெரிந்தது, நீ வேண்டிக்கொள்ள ஆரம்பித்ததிலிருந்து வாந்தி எடுக்கவில்லை. அவர் பங்கு வேலையை அவர் இன்று வரைக்கும் ஒழுங்காகச் செய்திருக்கிறார். மூன்று பெனால்டிக்கு முன்னாலும் உன் வயிறு நன்றாகத்தானே இருந்தது? அப்புறம் அவருக்கு உன்னைப் பிடிக்கவில்லை என்று எப்படிச் சொல்கிறாய்? குளறுபடி நடந்திருப்பது உன் பங்கில். அது என்ன என்று கண்டுபிடித்தது யார் தெரியுமா? இங்கே பேனாவை வைத்துவிட்டு இதை விட்டுவிடலாம்மா என்கிறாள் உன் தங்கை. விட முடியாது, எழுதுடி.

இவளுக்கு யார் எதிரில் நின்றாலும் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்க்கிற பழக்கம், உனக்குத் தெரியும். நிமிர்ந்து பாருடி, நிமிர்ந்து பாருடி என்று எத்தனை வருஷம் கத்தியிருக்கிறேன். வீட்டுக்கு வந்த நிருபர்களை எல்லாம் இவள் செருப்பை வைத்துத்தான் அடையாளம் சொல்கிறாள். டிவியிலும் அப்படித்தான். எல்லோரும் உன் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவள் வட்டத்துக்கு வெளியே உன் பூட்ஸைப் பார்த்திருக்கிறாள். அந்தக் காட்சியைத்தான் அவர்கள் போட்டுத் தேய்க்கிறார்களே, பார்க்கிறதற்குப் பஞ்சமா? சமையலறையில் என் பின்னால் வந்து நின்று, "அம்மா, அண்ணன் கண்ணை மூடினதும் இடது கால் திரும்புதும்மா" என்றாள். நீ எந்த மூலைக்கு அடிக்கப் போகிறாயோ அந்த மூலையைப் பார்த்து உன் இடது பூட்ஸின் முனை மெல்லத் திரும்பிக்கொள்கிறது. மூன்று தடவையும் அப்படித்தான், மூன்று தடவையும் கோல்கீப்பர் அந்தப் பக்கம்தான் பாய்ந்திருக்கிறான். நீ வேண்டிக்கொள்ளும்போது கண்ணை மூடுகிறாய் ராசா, அவன் மூடுவதில்லை. அப்பாவிடம் சொன்னோம். அவர் நம்பாமல் ஒருமுறை பார்த்தார், மறுமுறை பார்த்தார், அப்புறம் தொடையில் அடித்துக்கொண்டு, "இண்டிகேட்டர் போட்டுட்டுத் திரும்பறான்டி உன் புள்ளை! ரோட்டுல இப்படி ஒருத்தன் ஓட்டினா நான் கையெடுத்துக் கும்பிடுவேன்" என்றார். அதோடு விட்டாரா? சோதித்துப் பார்க்க வேண்டுமாம். பீரோவுக்கும் குளியலறைக் கதவுக்கும் நடுவில் அவர் கோல்கீப்பர், சுருட்டிய துண்டு பந்து, நான் கண்ணை மூடி நிற்க வேண்டும். நான் கால் திருப்பினேனோ இல்லையோ, மனுஷன் ஒரே பாய்ச்சல் பாய்ந்து பக்கெட்டின் மேல் விழுந்தார். முதுகின் கதை இதுதான். துண்டு கோல், அதைக் குறித்துக்கொள்.

அதனால் அந்த அறிக்கையைப் படிக்காதே. யாரோ எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு நீ மைதானத்தில் போய் வாந்தி எடுத்தால் அதற்கும் ஒரு சிவப்பு வட்டம் போடுவார்கள். வேண்டிக்கொள்ள உனக்கே விருப்பம் இல்லையென்றால் விடு, அது உன் பாடு. இவர்களுக்காக விடாதே, அவ்வளவுதான். பெனால்டி கிடைத்தால் நீயே அடி. வேண்டிக்கொள்ளும்போது இரண்டு பாதத்தையும் ஒட்டி, பந்தை நேராகப் பார்த்து வை. கடவுள் மனசைப் பார்க்கிறாரோ என்னவோ, கோல்கீப்பர் பூட்ஸைப் பார்க்கிறான். இப்படிச் செய்தும் பந்து வெளியே போனால் போகட்டும், அப்போது நீ சரியாக அடிக்கவில்லை என்று மட்டும் அர்த்தம், உன்னை யாருக்கும் பிடிக்காமல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. இதை உன் கோச்சிடம் தனியாகச் சொல், நிருபர்களிடம் மூச்சு விடாதே. தங்கைக்கு நன்றி சொல்கிறேன் என்று டிவியில் அவள் பேரைச் சொல்லிவிடாதே, அப்புறம் அவள் திரைச்சீலையைச் சுற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போக வேண்டியிருக்கும். வேளாவேளைக்குச் சாப்பிடு. அந்தக் கறுத்த வளையம் அடுத்த முறை டிவியில் தெரியக்கூடாது. நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், உன் காலும் வயிறும் உன் சொல் கேட்க வேண்டும், இது என் ஆசீர்வாதம். இதை எந்த மேலிடத்துக்கு அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை, நேராக உனக்கே அனுப்புகிறேன்.

என்றும் உன் நினைவாக,
அம்மா

அப்பா சொல்வதைத் தங்கை அப்படியே எழுதியது: தாழ்ப்பாள் புதுசு போட்டாச்சு. குடோனுக்குப் போடற சைஸு, எவன் இழுத்தாலும் வராது. லீவுக்கு வந்தா எவ்வளவு நேரம் வேணுமோ உள்ள இருந்து பேசிக்கோ, நான் தட்ட மாட்டேன். அவசரம்னா மாடி வீட்டுக்குப் போய்க்கறேன், அப்படியே ஏணியையும் வாங்கிட்டு வந்துடறேன்.