ஒரே மாதாவிடம் இரண்டு வேண்டுதல்

வெள்ளிக்கிழமை, இரவு

எங்கள் மகன் அந்தோணியைக் கொன்றவனுக்குத் தூக்கை ரத்து செய்து ஆயுள் தண்டனை ஆக்கிவிட்டார்கள். அவன் தூக்கில் தொங்கினால் வேளாங்கண்ணியில் மொட்டை போடுவதாக வேண்டி, இவர் இத்தனை நாளும் முடி வளர்த்து வந்தார்.

"மாதாவும் கைவிட்டுட்டாங்கடி. இந்தச் சடைய இனி என்ன செய்யிறது?"

"பிள்ளையப் பறிகொடுத்த தாய்ங்க அவங்க. அவங்ககிட்டப் போயி இன்னொருத்தி பிள்ளையக் கொல்லச் சொல்லிக் கேக்கலாமா?"

"நீ யாரு பக்கம்டி?" என்றார். சோற்றைத் தொடவில்லை.

அவன் உயிரோடு இருக்க வேண்டும் என்று நானும் அதே மாதாவிடம்தான் வேண்டினேன். இவரிடம் எப்படிச் சொல்வேன்? வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் என் பிள்ளை மதகடியில் சாய்ந்தபோது பக்கத்தில் இருந்தவன் அவன் மட்டுமே. அந்தோணி கடைசியாக என்ன சொன்னான்? அம்மா என்று கூப்பிட்டானா? அதை அவனிடம்தான் கேட்க முடியும்.