சாரல் விழும் குவிமாடம்

ஜூன் 19, 2024. சலாலா

குவிமாடத்தின் அடியில் இருந்த முட்டுகளை எல்லாம் கழற்றியாகிவிட்டது. நிற்கிறது! நான் வரைந்த முதல் குவிமாடம். சிவகாசி அம்மையப்பன் மகள் நாகஜோதி வரைந்தது என்று யாராவது ஊருக்குக் கத்திச் சொல்லுங்களேன்.

ஜூன் 27

இந்த அரபு ஊரிலும் சாரல் காலம் தொடங்கிவிட்டது. இந்த ஹோட்டலைக் கட்டும் முதலாளி, எங்கள் எல்லாருக்கும் அர்பாப், போன் செய்தார். உச்சியில் நான் விட்டிருக்கும் வட்டத் திறப்பைக் கண்ணாடி போட்டு மூடிவிடலாமாம். மழை உள்ளே வருமே என்கிறார்.

வரட்டும் என்றுதானே வைத்தேன்! ரோமில் பாந்தியன் கோயில் ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷமாகத் திறந்த உச்சியோடு நிற்கிறது. உள்ளே விழும் மழை தரைச் சரிவில் ஓடி, துளைகளில் வடிந்துவிடுகிறது. அதைப் பார்த்து உலகமெங்கும் குவிமாடம் கட்டினார்கள், பலர் உச்சியை மட்டும் மூடிவிட்டார்கள். நான் மூட மாட்டேன். தரையைக்கூட அப்படியே சரித்திருக்கிறேன்.

அடுத்த வியாழன் நேரில் பார்த்து முடிவு சொல்வாராம். மூடச் சொன்னால் அது என் கட்டடமே இல்லை.

ஜூன் 28

"ஒரு ஓட்டைக்கு இவ்வளவு சண்டையா?" என்கிறார் என் வீட்டுக்காரர் சுரேஷ்குமார். இன்று அவரோடு பேசவில்லை.

ஜூலை 4

அர்பாப்போடு உள்ளே போனால் ஒரே இருட்டு! உச்சியில் பிளைவுட்.

ஃபோர்மேன் அன்பரசன் பெருமையாக வந்து நின்றார். "சைட்ல எந்த ஓட்டையா இருந்தாலும் மூடணும்ல மேடம், சேஃப்டி ரூலு. அர்பாப் வர்றார்னு நேத்தே ஆணி அடிச்சு பக்காவா மூடிட்டோம்."

"அய்யோ, தெறங்கய்யா! இப்பவே!" அர்பாப் முன்னாலேயே கத்திவிட்டேன். மானம் போச்சு.

மேலே ஏறிப் பலகையைப் பெயர்த்தார்கள். முதலில் ஒரு கீற்று. அப்புறம் வட்டமாக வெளிச்சம், அதோடு பொடிப்பொடியாகச் சாரல். தரையில் சேர்ந்த நீர் மெல்ல நகர்ந்து துளைகளில் இறங்கியது. அர்பாப் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வட்டத்துக்குள் போய் நின்றார். தலைப்பாகை நனைந்தது. அண்ணாந்து பார்த்தார்.

"கிளாஸ் மாஃபி. கலாஸ்" என்றார். கண்ணாடி வேண்டாம், அவ்வளவுதான்.

இருட்டில் நிறுத்தித் திறந்ததால்தான் மனிதர் அப்படி மயங்கினாரோ? இதை அன்பரசனிடம் சாகும்வரை சொல்ல மாட்டேன்.

ஜூலை 5

வெள்ளி, லீவு. ஆனாலும் அன்பரசனும் ஆட்களும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு சைட்டுக்கு வந்துவிட்டார்கள், படம் எடுக்க. ஓரமாக நின்ற என்னை, "நீங்க நடுவுல வாங்க மேடம்" என்று இழுத்து நிறுத்தினார்கள். சுரேஷ்குமார் எடுத்தார். சாரல் வலுத்தது. ஒருவரும் நகரவில்லை.